துரைமார் விட்டுப்போன மடக்குக் கத்திகள்

போன வாரம் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவன் சாக்கு விரித்து மடக்குக் கத்தி விற்றுக்கொண்டிருந்தான். எல்லாம் பிளாஸ்டிக் பிடி போட்ட புதுச் சரக்கு. ஒன்றை எடுத்துத் திறந்து மூடினேன். சப்பென்று மூடிக்கொண்டது. பழைய கத்தி அப்படி மூடாது. உள்ளே இருக்கும் வில் நல்லபடியாக இருந்தால், கதவுக்குத் தாழ் விழுகிற மாதிரி 'டக்' என்று கேட்கும். வாங்காமலே வந்துவிட்டேன். எண்ணெய் வாசனை மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டு, கொட்டகலை பஸ்ஸில் வீடு வரைக்கும் கூட வந்தது.

நான் கத்தி சேர்த்தவன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். முத்திரை சேர்க்கலாம், நாணயம் சேர்க்கலாம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போன முதல் ஆள், ஆசிரியர் நியமனம் வாங்கியவன், கத்தி சேர்ப்பானா? சேர்த்தேன். தேயிலைத் தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறியபோது பங்களாவில் வேலை செய்தவர்களுக்கு எதையாவது கொடுத்துவிட்டுப் போனார்கள். கோட்டு, தொப்பி, பீங்கான், அதோடு கத்தி. இங்கிலாந்தில் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியில் சோலிங்கனிலும் செய்தவை. தொண்ணூறுகளில் அவை லயங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பாக்கு வெட்டிக்கொண்டும் கருவாடு சுரண்டிக்கொண்டும் கிடந்தன. நான் புதுக் கத்தி ஒன்றைக் கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்வேன். கொடுப்பவர்களுக்கு என்னைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

முதல் கத்தியைச் செங்கல் பொடி போட்டு மூன்று நாள் தேய்த்தேன். மின்னியது. அலகில் செதுக்கியிருந்த ஊர்ப் பெயரும் சேர்ந்து போய்விட்டது. சவரிமுத்து பார்த்துவிட்டு, "எழுத்து படிக்கத்தானே ஒன்னயப் பள்ளிக்கூடம் அனுப்புனாங்க? அழிக்கவா?" என்றான்.

சவரி என்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டுத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனவன். இறுகிப்போன கத்தியை மெஷின் எண்ணெயில் ஊறப்போட்டுச் சரிபண்ணுவது அவன்தான். ஒரு கத்தியில் அலகோடு வளைந்த கொக்கி ஒன்று இருந்தது. மீன் டின் திறக்க என்று நினைத்திருந்தேன். குதிரைக் குளம்பில் மாட்டிய கல்லை எடுக்கிற கொக்கி என்று பிறகு ஒரு புத்தகத்தில் பார்த்துச் சொன்னேன். "குதிரைக்கு எங்க போறது? ஒன் கால நீட்டுடா, எடுத்துப் பாப்போம்" என்றான்.

எட்டாவது கத்தியையும் அவன்தான் கண்டுபிடித்தான். பூண்டுலோயா பக்கம் ஒரு தோட்டத்தில், பங்களாச் சமையல்காரராக இருந்து செத்துப்போனவரின் மனைவியிடம் மான்கொம்புப் பிடி போட்ட ஜெர்மன் கத்தி. ஒரு சனிக்கிழமை காலையில் இருவரும் போனோம். நான் கை நீட்டியதும் அந்த அம்மா கத்தியைத் தரையில் வைத்தார். "கையில வாங்காதீங்க தம்பி. கத்தி கைக்குக் கை மாறுனா சண்ட வந்துரும்." எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். ஒருவர் கீழே வைப்போம், மற்றவர் எடுத்துக்கொள்வார். கைக்குச் சின்ன வயதிலிருந்தே பழகியது, யோசித்துச் செய்வதில்லை.

கத்தியில் எண்ணெய் கசிந்திருந்தது. நானோ வெள்ளை லோங்ஸ், முழுக்கால்சட்டை. வாத்தியார் ஆனதிலிருந்து சனிக்கிழமையும் வெள்ளைதான். "நீ எடுக்காத, ஒன் வெள்ள கெட்டுப்போயிரும்" என்று சவரி அதை எடுத்துத் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

திரும்பும் வழியில் செக்பொயின்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சண்டை நடந்த காலம், அது தினப்படி விஷயம். ஆண்கள் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நிற்க வேண்டும். எங்களைச் சோதித்த ஆமிக்காரனுக்கும் எங்கள் வயதுதான் இருக்கும். சவரியின் பையைத் தட்டிப் பார்த்தான். வெளியே எடுக்கச் சொன்னான். கையை நீட்டி, "தீபங்", கொடு என்றான்.

சவரி சட்டென்று குனிந்து கத்தியைத் தார் ரோட்டில் வைத்தான்.

குனிந்த வேகத்தில் ஆமிக்காரன் இரண்டடி பின்னால் தாவித் துவக்கை நீட்டினான். இன்னும் மூன்று பேர் ஓடிவந்தார்கள். கொடு என்றால் கீழே போடுகிறான் என்று சிங்களத்தில் சத்தம் போட்டான். சவரிக்குச் சிங்களம் அரைகுறை. எனக்கு நன்றாக வரும். ஒரே வரியில் விளக்கியிருக்கலாம். கத்தி யாருடையது என்று கேட்டார்கள். "மகே" என்றான் சவரி, என்னுடையது. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் கையில் அடையாள அட்டை இருந்தது. அதில் தொழில் என்ற இடத்தில் ஆசிரியர் என்று போட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "நகின்ன, நகின்ன" என்று கண்டக்டர் ஏறச் சொன்னார். ஏறினேன். உட்கார இடமும் கிடைத்தது.

சவரியின் அம்மா லயத்து வாசலிலேயே நின்றார். "கூடத்தானே போனீங்க தம்பி? அவன் எங்க?"

சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, "கெஞ்சிப் பாத்தேம்மா. விடல" என்றேன். அது தானாக வாயில் வந்தது.

மூன்று மாதம் கழித்து அவனை விட்டார்கள். தொழிற்சாலையில் அவன் இடத்துக்கு வேறு ஆள் போட்டிருந்தார்கள். பார்க்கப் போனேன். அவன் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, "ஒனக்காக இந்தத் தம்பி ஆமிக்காரன் கால்ல விழாத கொறதான், தெரியுமா?" என்றார். சவரி என்னைப் பார்த்தான். கோபமில்லை. வேறு எதுவும்கூட இல்லை. "ஆமா, பாத்தேன்" என்றான். பிறகு கோப்பையை அம்மாவிடம் நீட்டி, "சீனி பத்தல" என்றான்.

எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி நடந்து வரும்போது மனதுக்குள் கிள்ளிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மற்ற ஏழு கத்திக்கும் அதன் பிறகு நான் எண்ணெய் போடவில்லை. என் அம்மா ஒவ்வொன்றாகச் சமையலுக்கு எடுத்தார். ஒவ்வொன்றாகத் தொலைந்தன. சவரி கொழும்பில் ஒரு இரும்புக் கடைக்குப் போனான், அங்கேயே இருந்துவிட்டான். இப்போது சண்டை முடிந்து செக்பொயின்டின் மணல் மூட்டைகளையும் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் சோளம் அவித்து விற்கிறார்கள்.

அவன் அம்மா ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எனக்குப் பலகாரம் அனுப்புவார். கடைத்தெருவிலும் தேவாலய வாசலிலும், ஒருமுறை எங்கள் பள்ளிக்கூடத்து அதிபர் முன்னாலும், "இந்தத் தம்பிதான் எம் மகனுக்காகக் கெஞ்சினவரு" என்று என்னைக் காட்டுவார். போன மார்கழியில் இறந்துவிட்டார். அடக்கத்துக்குச் சவரி வந்திருந்தான். பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். மழையைப் பற்றிப் பேசினோம்.

அன்றைக்கு நான் கெஞ்சினேன் என்று சொல்ல, இந்த மலையில் இப்போது ஒருவரும் இல்லை.