ரெண்டாவது ஸ்கேன்

போன வியாழக்கிழமை ஒருத்தியைக் காக்க வைத்தேன். அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

என் வேலை பழைய வாசகர்களுக்குத் தெரியும். தி.நகரில் ஒரு ஸ்கேன் சென்டர். வயிற்று ஸ்கேனுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, "அடக்குங்க... இன்னும் கொஞ்சம்" என்று சொல்வது. பன்னிரண்டு வருஷமாக இதுதான். எட்டாவது படித்தவளுக்கு இது போதும்.

அன்றைக்கு வந்தவள் பெயர் ரேகா. திருநங்கை. முப்பது வயது இருக்கும். பக்கத்துத் தெரு புடவைக் கடையில் பேக்கிங் வேலை. பர்மிஷன் போட்டு வந்திருந்தாள். இடுப்பில் வலி, விட்டு விட்டு ஜுரம்.

ஒரு லிட்டர் பாட்டிலைக் கொடுத்தேன்.

"முழுசா குடி. அப்புறம் அடக்கணும். முடியுமா?"

சிரித்தாள். "இன்னாக்கா இப்டி கேட்டுட்ட? காலைல கடைக்குப் போனா நைட்டு வூட்டுக்கு வந்துதான் போவேன். எனக்கு மெடலே குடுக்கலாம்."

"ஏன், கடையில பாத்ரூம் இல்லையா?"

"ரெண்டு கீது. லேடீஸ்ல போனா கம்ப்ளைன்ட். ஜென்ட்ஸ்ல நான் போவ மாட்டேன். அதான், தண்ணியே குடிக்கிறதில்ல. மேட்டர் ஓவர்."

ஓவர் ஆகவில்லை. டாக்டரம்மா பார்த்தார். ரெண்டு கிட்னியிலும் வீக்கம்.

"யூரின் போயிட்டு உடனே வாம்மா. உள்ள எவ்ளோ மிச்சம் நிக்குதுன்னு பாக்கணும். அதை வெச்சுதான் வைத்தியம்" என்றார்.

ரெண்டாவது ஸ்கேன் ஆளைப் பாத்ரூம் வரிசையில் யாரும் மறிக்கக் கூடாது. எங்கள் இடத்துச் சட்டம் அது. அவர்கள் வெளியே வந்ததும் நான் குரல் கொடுப்பேன். "மறு ஸ்கேன்... வழி விடுங்க." பிள்ளைத்தாய்ச்சிகூட நகர்ந்து நிற்பாள்.

லேடீஸ் வாசலில் நாலு பேர் நின்றார்கள். முன்னால் நின்ற அம்மா ரேகாவை மேலும் கீழும் பார்த்தார்.

"இவங்க இங்கயா போவாங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரேகாவும்தான்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தினமும் சொல்வதைத்தான்.

"கொஞ்சம் இரும்மா... இவங்க போயிடட்டும்" என்றேன் ரேகாவிடம். சண்டை வேண்டாமே என்று.

அவள் சுவரோரம் நகர்ந்தாள். நாலு பேர் போனார்கள். இன்னும் ரெண்டு பேர் வந்தார்கள். அவர்களும் போனார்கள். அடுத்த ஆளுக்குப் பாட்டில் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன் – சுவரோரம் ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமையும் வரவில்லை. பாதி ரிப்போர்ட் என் மேஜையில் கிடக்கிறது.

மேனேஜரிடம் சொன்னேன். "எல்லாரும் போகலாம்னு ஒரு போர்டு மாட்டிடலாம்" என்றார். நல்ல மனுஷர். மாட்டட்டும். ஆனால் போர்டு குரல் கொடுக்காது. அன்றைக்கு நானும் ஒரு போர்டு மாதிரிதான் நின்றேன்.

சனிக்கிழமை போன் போட்டேன். எடுத்தாள்.

"வாம்மா. நானே கூட நிக்கிறேன்."

"பாக்கலாம்கா. லீவு கெடைக்கணும்."

"வலி?"

"கீது."

"தண்ணியாவது குடிக்கிறியா?"

"லீவு அன்னிக்குக் குடிக்கிறேன்கா."

அவளுக்கு மாசத்தில் ரெண்டு நாள் லீவு.