ஒரு கைப்பிடித் தலைக்குக் கம்பளி நூல்: டவுன், பாளை, பேட்டை

ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் வெள்ளத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு சனங்கள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தார்களே, அந்த மார்கழிக்கு அடுத்த தை. பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். ஆற்றங்கரைத் தெருக்களில் வெள்ளம் ஏறிய உயரத்துக்குச் சுவரில் வண்டல் கோடு அப்படியே இருந்தது. அந்த நேரத்தில்தான் நான் திருநெல்வேலிக்குக் கம்பளி நூல் வாங்கப் போனேன். இந்த வெயிலில் கம்பளியா என்று கேட்காதீர்கள். தேவை வரும்போது தெரியும்.

எனக்கு எழுத்துத் தெரியாது. எண் தெரியும், பஸ் நம்பர் தெரியும். இதைப் போனில் வாயால் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. பேத்தி புருஷன் பிழை பார்த்துப் போடுகிறான். ஆழ்வார்குறிச்சியில் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்தவனுக்குப் பின்னல் எப்படித் தெரியும் என்றால், தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருஷம் எனக்குக் காசநோய். பதினொரு மாதம் ஆஸ்பத்திரிக் கட்டில். சீட்டாடிச் சண்டை போடுகிறோம் என்று ஒரு நர்ஸம்மா எங்கள் வார்டில் இருந்த எட்டு ஆண்களுக்கும் சைக்கிள் கம்பியைத் தேய்த்து ஊசியாக்கிக் கொடுத்துப் பின்னச் சொல்லிக்கொடுத்தார். கை மறக்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்குக் குல்லாய் பின்னி அவ்வப்போது கேலிக்கு ஆளாவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பேத்தி செல்விக்கு ஏழரை மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. ஒரு கிலோ நானூறு கிராம். செய்தி வந்த மறுநாள் காலை ஏழே காலுக்கு ஆழ்வார்குறிச்சியில் செங்கோட்டை வண்டி ஏறினேன். டிக்கெட் முப்பது ரூபாய். ஒன்றே கால் மணி நேரத்தில் ஜங்ஷன். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பாளை, பத்து ரூபாய்.

கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க விட்டார்கள். தலை ஒரு சாத்துக்குடியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். நர்ஸ் வெளியே வந்தார்.

"தாத்தா, நாளைக்குப் பிள்ளையை அம்மா நெஞ்சோட சேத்து வைக்கணும். அந்தச் சூட்டுலதான் தேறும். தலைக்குக் கம்பளித் தொப்பி இல்லாம வைக்க மாட்டோம். தலை வழியாத்தான் சூடு போயிரும். உங்க வீட்டுல வாங்கிக் குடுத்தது தாடை வரைக்கும் இறங்குது."

செல்வி புருஷன் வாங்கிக் கொடுத்திருந்த கடைத் தொப்பியை என் கையில் திருப்பித் தந்தார். அதற்குள் என் மடக்கிய கையே போய்விட்டது. இந்தத் தலைக்கு எந்தக் கடையிலும் தொப்பி கிடையாது என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு நூலைத் தலையைச் சுற்றி வைத்து முடிச்சுப் போட்டுத் தரச் சொன்னேன். எனக்கு டேப் படிக்கத் தெரியாது, முடிச்சு போதும். நர்ஸ் சிரிக்காமல் செய்து கொடுத்தார். அதை மடியில் செருகிக்கொண்டு புறப்பட்டேன்.

முதலில் டவுன், ரத வீதி. பாளையிலிருந்து ஏழு கிலோமீட்டர் இருக்கும். பின்னல் நூல் என்று கேட்டால் புரியாது, உல்லன் என்று கேளுங்கள். கடைக்காரர் எட்டு நிறத்தை எடுத்துப் போட்டுவிட்டு, "வாசல் தோரணமா அண்ணாச்சி, சாமிக்கு மாலையா?" என்றார்.

"பச்சப் பிள்ளைக்குத் தொப்பி."

"இந்த ஊர்லயா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஓர் இழை கிள்ளிக் கொளுத்திப் பார்க்கலாமா என்று கேட்டேன். இது நர்ஸம்மா சொல்லிக்கொடுத்த சோதனை. அசல் கம்பளி என்றால் மயிர் பொசுங்குகிற நாற்றம் வரும், கரி தொட்டால் உதிரும். பத்தி கொளுத்தும் தீப்பெட்டியை அவர் தள்ளிவிட்டார். இழை உருகி, கறுப்பு உருண்டையாகக் கெட்டித்துவிட்டது. அடுத்த நிறமும் உருண்டை. மூன்றாவதும் உருண்டை.

"இது கம்பளியே இல்லையே, வே."

"கம்பளின்னு நான் எப்பம் சொன்னேன்? உல்லன்னுதான சொன்னேன்" என்றார். "அசலு வேணும்னா ஒண்ணு கிடக்கு. அம்பது கிராம், நானூத்தி அறுபது."

நான் அப்படியே கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் கொடிக்காலில் ஒரு நாள் முழுக்க நின்றால் கிடைக்கிற கூலியைவிட அது கொஞ்சம்தான் குறைவு. கட்டியிருந்த சிட்டையைக் காட்டி, நூறு சதம் என்று போட்டிருக்கிறதா என்று கேட்டேன். போட்டிருக்கிறதாம். படிக்கத் தெரியாதவன் கொளுத்தாமல் நம்ப முடியுமா? அவர் அதைக் கொளுத்தவிடவில்லை. வந்துவிட்டேன்.

பாளையில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை. மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா நடத்துகிறார். ஊசி, வளையம், நூல், எல்லாம் இருக்கிறது. விவரம் தெரிந்தவர். "ஐயா, இன்னைக்குப் பிள்ளைகளுக்கு எல்லாரும் போடுறது இந்த மெத்து நூல்தான். செயற்கைதான், ஆனா உறுத்தாது, துவைச்சா சுருங்காது" என்று கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். நாற்பது கிராம் உருண்டை நாற்பத்தைந்து ரூபாய். ஊசி ஒரு சோடி அறுபது. நர்ஸ் கேட்டது சூடுதானே என்று வாங்கினேன். உருண்டை இரண்டுக்கு மேல் வாங்குகிறவர்கள் சிட்டையில் உள்ள சாய எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கடைக்குள் ஒரே ரோஸ், வெயிலில் இரண்டு ரோஸ்.

ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். முடிச்சு நூலை வைத்து வைத்து அளந்து, இரண்டரை மணிக்குத் தொப்பி முடிந்தது. பார்க்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் படம்கூட எடுத்தார்.

அதைக் கையில் வாங்கிப் பார்த்தார் இசக்கியம்மாள், செல்வியின் மாமியார். தொப்பியை என் மடியிலேயே திரும்ப வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா புதுசுல்லா? பதினாறு கழியாம புதுசு போடப்பிடாதே."

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பதினாறு நாள் வரை பழந்துணிதான். அதிலும் முதல் துணி, நெடுநாள் வாழ்ந்த ஆளுடைய துணியாக இருக்க வேண்டும். அந்த ஆயுசு பிள்ளைக்கு ஒட்டும் என்பார்கள். என் எட்டுப் பேரப்பிள்ளைகளுக்கும் என் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றியவர்கள் நாங்கள். இதற்கும் அதைத்தான் சுற்றியிருந்தது. கடை கடையாக அலைந்த பதற்றத்தில் நானே மறந்துபோனேன். மூடநம்பிக்கை என்று படிக்கிறவர்கள் சொல்லலாம், சொல்லுங்கள். ஒரு கிலோ நானூறு கிராமுக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்லுங்கள்.

நர்ஸிடம் கேட்டேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "பழசா இருந்தாலும் சரி தாத்தா, கொதிதண்ணியில போட்டுச் சுத்தமாக் கொண்டுவாங்க. கம்பளி மாதிரிச் சூடு தரணும், சின்னதா இருக்கணும். நாளைக்குக் காலை எட்டு மணி" என்றார். அதுவரைக்கும் சூட்டுப் பெட்டிக்குள் இருக்கும் என்றார்.

பழைய கம்பளிக்கு எங்கே போவேன்? திருநெல்வேலியில் யாரிடம் இருக்கும்? வார்டில் நான் பின்னிய சுவெட்டரை, வெளியே வந்த அந்த வருஷமே ஓர் ஆட்டுக்குட்டிக்கு மாற்றிவிட்டேன். கால் தானாகவே டீச்சரம்மா கடைக்குப் போனது. பழைய நூல் இருக்குமா என்று கேட்டேன்.

"பழசு நான் விக்கிறதில்ல ஐயா" என்று யோசித்தார். "உங்கள மாதிரியே ஒருத்தர் வருவாரு. பேட்டைக்காரர். மாசம் ஒருக்க வந்து ஓர் இழை கிள்ளிக் கொளுத்துவாரு. மோந்து பாப்பாரு, கரியை மூணு தரம் விரல்ல நசுக்குவாரு, வாங்காமப் போயிருவாரு. ஒரு காக்கி நிறச் சுவெட்டருக்குக் கைமுட்டிக் கிழிசலை அடைக்க நூல் தேடுதாரு."

கரியை மூன்று தரம் நசுக்குவது எங்கள் வார்டு நர்ஸம்மாவின் கைப்பழக்கம். வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. அவர் பேர் என்ன என்று கேட்டேன்.

"மீரான் பாய்ன்னு சொல்லுவாங்க."

என்னோடு வார்டில் கிடந்த செய்யது மீரான் செத்து நாற்பது வருஷம் ஆயிற்று. முக்கூடல் சந்தையில் ஒருவன் சொன்னான், நான் ஒரு நாள் பட்டினி கிடந்தேன். வீடு எங்கே என்று கேட்டேன். டீச்சரம்மா தெருவைச் சொன்னார்.

மணி நான்கு. பாளையிலிருந்து பேட்டைக்கு நேர் பஸ் உண்டு, முக்கால் மணி நேரம் ஆகும். நான் பொறுக்காமல் ஆட்டோ பிடித்தேன். இருநூற்றைம்பது கேட்டார், இருநூறுக்கு வந்தார். தொழிற்பேட்டைக்கு முந்தின தெரு. லேத்துப் பட்டறைக்குப் பக்கத்து வீட்டில் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் காதை எனக்குத் தெரியும். இடது காது மடல் கிழிந்திருக்கும்.

"மீரானு."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு, சுடலையா? லே, நீ மவுத்தாயிட்டேன்னுல்லா சொன்னாவ."

"எங்கிட்ட உன்னைச் சொன்னாவ."

"நான் உனக்காவ ரெண்டு ஏழைக்குச் சோறு போட்டேம் வே. அந்தச் சோத்துக்கு என்ன பதில் சொல்லுத?"

"அவுங்க பசியாறுனாங்களா இல்லையா?"

"ஆறுனாவ."

"பின்ன என்ன, அதுல பாதி புண்ணியம் எனக்கு."

அவர் மருமகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். டீ ஆறும்வரை வார்டின் ஒவ்வொரு கட்டிலாக எண்ணினோம். எனக்குத் தெரியாத சாவு அவருக்குத் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியாதது எனக்கு. பிறகு நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் எழுந்து அலமாரியிலிருந்து சுவெட்டரை எடுத்தார். வார்டில் பங்கு வைத்த அதே காக்கி நூல். நூல் தீர்ந்தால் வேறு தர மாட்டார்கள், பின்னியதைப் பிரித்துத்தான் மறுபடி பின்ன வேண்டும். மீரான் வெளியே வந்த பிறகும் அதை விடவில்லை. சுவெட்டராக, மப்ளராக, திரும்பவும் சுவெட்டராக நான்கு தடவை பிரித்துப் பின்னியிருக்கிறார். அறுபது வருஷத் துவைப்பில் பூனைக்குட்டி போல இருந்தது.

"வலது கையை எடுத்துக்கோ" என்றார். "இடது கையைத் தொடாத. அந்தத் தோளுதான் குளுந்து கொல்லுது."

"கிழிஞ்ச கைமுட்டி எதுல?"

"வலதுலதான்" என்றார். "கிழிசலைத்தான் உனக்குத் தாரேன். பெருமைப்படாத."

காசநோய் வார்டு நூல் என்று யாருக்காவது பயம் வரலாம். நானே நர்ஸுக்குப் போன் போட்டு மறைக்காமல் சொன்னேன். டாக்டரிடம் கேட்டுவிட்டு, இத்தனை வருஷத்துக்கு ஒன்றுமில்லை, கொதிக்க வைத்தால் போதும் என்றார். பிரித்த நூலை நீள வளையமாகச் சுற்றிக் கொதிநீரில் அமுக்கினார் மருமகள். கிளறக் கூடாது, கிளறினால் கெட்டித்துவிடும். பிழிந்து, கூரை வளைமரத்தில் தொங்கவிட்டு, சுருள் நிமிர நுனியில் ஒரு பூட்டைக் கட்டிவிட்டோம். காற்றாடிக்கு அடியில் காய்ந்தது. நான் அங்கேயே படுத்தேன். விடியற்காலைத் தொழுகை முடித்து வந்து மீரான் என்னை எழுப்பினார். நான் தொப்பி, அவர் இரண்டு காலுறை. அவருக்கு இன்னும் கண்ணி ஒன்றுகூடத் தவறவில்லை. ஆறே முக்காலுக்கு முடித்தோம்.

தேடி வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விலை குறைவாக நூல் வேண்டுமென்றால் டவுனைவிடப் பாளை மார்க்கெட் பக்கம் நல்லது. செயற்கை நூல் உருண்டை நாற்பதிலிருந்து அறுபது. பிள்ளைக்கு அதுவே போதும், என்னைப் போல அசலுக்கு அலைய வேண்டாம். மினுக்கு இழை கலந்ததைப் பிள்ளைக்கு வாங்காதீர்கள், அது தோரணத்துக்கு. கடைக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் கொளுத்த வேண்டும், அதுவும் கடை வாசலுக்கு வெளியே. மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை சின்னக் கடைகள் மூடியிருக்கும். அசல் கம்பளி கட்டாயம் வேண்டுமென்றால், வீட்டில் கிடக்கும் பழைய சுவெட்டரைப் பிரியுங்கள். செலவே இல்லை. ஊசியைத்தான் வாங்க வேண்டும், அதற்கும் சைக்கிள் கம்பி இருக்கிறது.

ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். நர்ஸ் தொப்பியை விளக்குக்கு நேரே பிடித்து, விரலை உள்ளே விட்டு, எங்கும் முடிச்சு உறுத்துகிறதா என்று தடவிப் பார்த்தார். தலையை ஆட்டி இசக்கியம்மாளிடம் கொடுத்தார். தலைக்கு முதல் துணியை வீட்டார் கையால் போடட்டும் என்று விட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வி நெஞ்சுத் துணியை விலக்கிக்கொண்டு சாய்ந்து காத்திருந்தாள்.

இசக்கியம்மாள் கதவருகே நின்றுவிட்டார். "காக்கி போலல்லா இருக்கு. யாரு துணி மாமா இது? ஆயுசுள்ள ஆளுதானா?"

"எட்டுப் பேரு ஒரே பெட்டி நூலைப் பங்கு வச்சோம் தாயி."

"எட்டுப் பேரும் இருக்காவளா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டில் வாரியாகவே சொன்னேன். ஒன்றாம் கட்டில் அம்பாசமுத்திரம் சங்கரலிங்கம், வார்டை விட்டு வெளியே வரவேயில்லை. இரண்டு, ராதாபுரத்துத் தங்கையா, பனையிலிருந்து விழுந்தார். மூன்று, கல்லிடைக்குறிச்சி ஆவுடையப்பன், சர்க்கரை வியாதி. நான்கு நான். ஐந்து, பாளையங்கோட்டை ஞானமுத்து வாத்தியார், தூக்கத்திலேயே போனார். ஆறு, முக்கூடல் பரமசிவம், ஆற்றோடு. ஏழு, கடையத்து வேலாயுதம், கொரோனாவில்.

ஒவ்வொரு பேருக்கும் அவர் முகம் இறங்கிக்கொண்டே வந்தது. ஆனால் பெருவிரலும் சுட்டுவிரலும் தொப்பியின் வாயைப் பைய விரித்துக்கொண்டிருந்தன. உள்ளே நர்ஸ் குழந்தையைத் தூக்கிவிட்டார்.

"எட்டாவது ஆளு?"

"இருக்கான். இது அவன் போட்டிருந்த துணி. பேட்டை செய்யது மீரான்."