முதல் விமானத்துக்குப் போகிற வண்டி

தொகாஷி யாசுகோ இருபத்திரண்டு வருடம் மீன் லாரி ஓட்டியவள். அவள் கணவன் வேலை தேடி நீகாட்டாவுக்குப் போனவன், அங்கே ஒரு சாப்பாட்டுக்கடைக்காரியோடு தங்கிவிட்டான். தேடிப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வா என்று ஊரே சொன்னது. அவளுக்கு நேரமில்லை, லாரியில் மீன் இருந்தது.

ஐம்பத்து மூன்று வயதில் லாரி வேலை போயிற்று. ஆட்களை ஏற்றி ஓட்டுவதற்குத் தனி உரிமம் வேண்டும். தேர்வில் நான்கு முறை தோற்றாள். ஓட்டுவதில் குறை ஒன்றும் இல்லை. வலதுபுறம் பார்த்தால் விரலை நீட்டி "வலது சரி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மீனுக்கு முன்னால் அப்படியெல்லாம் சொல்லிப் பழக்கமில்லாததால் அவளுக்கு வெட்கமாக இருந்தது. நான்காவது முறை தேர்வு அதிகாரி, "இந்த வயசுல வேற ஏதாவது பாக்கலாமே" என்றார். அன்றிலிருந்து வீட்டில் அடுப்பை அணைத்தால்கூட விரலை நீட்டி "அடுப்பு சரி" என்று சொல்லத் தொடங்கினாள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஐந்தாவது தேர்வில் அவள் போட்ட சத்தத்தில் அதிகாரி காதைப் பொத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

எங்கள் கடல்முனை ஊரிலிருந்து விமான நிலையத்துக்கு எழுபது நிமிட ஓட்டம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பனி. இகராஷி டாக்ஸி நிறுவனத்தின் வேன், ஓட்டுநர் போக ஒன்பது இருக்கை, காலை ஐந்து இருபதுக்குத் துறைமுகத்தில் கிளம்பி, வழியில் ஐந்து இடங்களில் ஆள் ஏற்றி, டோக்கியோவுக்குப் போகும் முதல் விமானத்துக்குக் கொண்டுபோய் விடும். திரும்பும்போது அங்கே வந்து இறங்கியவர்களை ஏற்றி வரும். முதல் நாள் மாலை ஐந்து மணிக்குள் போன் செய்து இடம் சொல்லிவைக்க வேண்டும். ஒருவரும் சொல்லாவிட்டால் மறுநாள் வண்டி கிடையாது. அந்த வண்டிதான் யாசுகோவின் வண்டி.

அந்த டிசம்பரில் ஊராட்சி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மார்ச் முடிவதற்குள் தினமும் சராசரியாக மூன்று பேராவது போகாவிட்டால் ஏப்ரல் முதல் வண்டிக்கு உதவித்தொகை கிடையாது. அது இல்லாமல் வண்டி ஓடாது. வண்டி ஓடாவிட்டால் யாசுகோவுக்கு இந்த ஊரில் வேறு ஸ்டியரிங் இல்லை. முதலாளி இகராஷி கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"வண்டி வேணும்னு மனு கொடுத்ததும் இந்த ஊர்க்காரங்கதான். ஏறாம இருக்கறதும் இவங்கதான். நான் என்ன செய்யட்டும், யாசுகோ சான்?"

ஜனவரியில் முதல் பன்னிரண்டு நாட்களில் வண்டி நான்கு நாள்தான் போயிற்று. மற்ற நாட்களில் மாலை ஐந்து மணிக்கு அலுவலக ஆணியில் தொங்கிய முன்பதிவுத் தாளில் பூஜ்யம். யாசுகோ அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் யாரையாவது கடித்துவிடலாம் போல இருந்தது.

பதின்மூன்றாம் நாளும் பூஜ்யம். காலையில் தூக்கம் பிடிக்காமல் தன் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு ரொட்டி வாங்கக் கிளம்பினாள். கோயில்முனை பஸ் நிறுத்தத்தில், முழங்கால் பனியில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார் செகி தோமிகோ அம்மா. வயது எழுபத்தாறு. டோக்கியோவில் ஆஸ்பத்திரியில் கிடக்கும் அக்காவைப் பார்க்க மாதம் ஒரு தடவை போகிறவர்.

யாசுகோ கண்ணாடியை இறக்கினாள். "இங்க எதுக்கு நிக்கறீங்க?"

"ஊர் பஸ்ல ஸ்டேஷனுக்குப் போய், ரயில் மாறி, சாயங்காலத்துக்குள்ள போயிடுவேன்மா."

"சாயங்காலமா? விமானத்துல போனா ஒம்பது மணிக்கு டோக்கியோ. வேனுக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே." தோமிகோ அம்மா குனிந்து வணங்கினார், என்னவோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி. "நேத்து போன் பண்ணினேன். அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையா, நாளைக்கு நீங்க ஒருத்தர் மட்டும்தான்னு சொன்னா. கேட்டதும் உடம்பு கூசிப்போச்சு. ஒரு கிழவிக்காக அவ்வளவு பெரிய வண்டியா? உன்னையும் நாலு மணிக்கு எழுப்பி? வேண்டாம்னு சொல்லிட்டேன்."

யாசுகோ பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தாள். விமானத்துக்கு நேரம் தப்பிவிட்டது. ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். அங்கிருந்து நேரே அலுவலகத்துக்கு வந்தாள்.

போன் எடுக்கும் மிச்சிரு அப்போதுதான் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நல்ல பெண், வார்த்தைக்கு வார்த்தை மன்னிப்புக் கேட்கிற பெண்.

"ஒருத்தர் மட்டும்தான்னு எதுக்குடி சொல்றே?"

"வசதியா காலை நீட்டி உக்காந்துக்கலாம்னு அவங்களுக்குத் தெரியட்டும்னுதான் சொல்றேன்." மிச்சிருவின் முகம் வெளுத்தது. "தப்பா?"

"வேண்டாம்னு சொன்னவங்க பேரெல்லாம் எழுதி வெச்சிருக்கியா?"

எழுதிவைத்திருந்தாள், அழகான கையெழுத்தில். நேற்று மட்டும் மூன்று பேர். மூன்று மணிக்குக் கருவாட்டுக்கடை ஓயாநாகி கூப்பிட்டிருக்கிறார். இதுவரை நீங்கள் ஒருவர்தான் என்றதும், ஐயோ வேண்டாம் என்று வைத்துவிட்டார். நான்கு மணிக்குப் பள்ளிக்கூட ஆசிரியை, அதே கதை. நாலே முக்காலுக்குத் தோமிகோ அம்மா. மூன்று பேரும் தாங்கள் தனி ஆள் என்று நினைத்துக்கொண்டு, அடுத்தவருக்குத் தொந்தரவு தரக் கூடாதென்று ஒதுங்கியிருக்கிறார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. எங்கள் கடற்கரைக்காரர்கள் உயிர் போனாலும் பொறுத்துக்கொள்வார்கள், தங்களால் இன்னொருவர் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே வருவதைப் பொறுக்க மாட்டார்கள். யாசுகோவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"இனிமே எத்தனை பேர்னு சொல்லாதே."

"அவங்களே கேக்கறாங்களே. சொல்ல மாட்டேன்னா, யாருமே இல்லபோலன்னு நினைச்சுக்குவாங்க. பொய்யும் சொல்ல முடியாது."

அது உண்மைதான். யாசுகோ வாசலுக்கும் மேசைக்கும் நடந்தாள். பிறகு முதலாளியின் அறைக்கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"நாளையிலேர்ந்து ஆள் இருந்தாலும் இல்லாட்டாலும் வண்டி போகும். தினமும் போகும். எப்படியும் போற வண்டியில ஏறினா யாருக்கு என்ன தொந்தரவு?"

"டீசல் யாருது?"

"காலியாப் போற நாளுக்கு எனக்குச் சம்பளம் வேண்டாம். டீசலை என் போனஸ்ல பிடிச்சுக்குங்க."

இகராஷி அவள் முகத்தைப் பார்த்தார். ஐந்து முறை தேர்வுக்குப் போனவளோடு வாதாடிப் பிரயோஜனமில்லை என்று அவருக்குத் தெரியும். "மார்ச் வரைக்கும்" என்றார்.

மறுநாள் வண்டி காலியாகப் போயிற்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது, கதவு திறந்தது, யாரும் ஏறவில்லை, கதவு மூடியது. "பின்னால் சரி" என்று யாசுகோ ஆளில்லாத வண்டியில் உரக்கச் சொன்னாள். மீன் சந்தையில் சிரித்தார்கள். "அக்கா, பேயை ஏத்திட்டுப் போறீங்களாமே, டிக்கெட் வாங்கறீங்களா?" என்று ஒருவன் கேட்டான். "பேயாவது ஏறுதே, உனக்கு எங்கடா தைரியம்" என்றாள். இரண்டாம் நாளும் காலி. மூன்றாம் நாள், விமான நிலையத்திலிருந்து திரும்பும்போது மின்சாரப் பழுது பார்க்கிறவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான்.

"நான் ஒருத்தன்தானா?"

"நானும்தான் வர்றேன். ஏறு."

அவன் ஊரெல்லாம் சொன்னான். மிச்சிருவும் போனில், "நீங்க வந்தாலும் வராட்டாலும் வண்டி போகுதுங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். அந்த ஒரு வாக்கியம் எங்கள் ஊர்க்காரர்களின் நெஞ்சிலிருந்த கல்லை இறக்கியது. பிப்ரவரியில் இரண்டு பேர், நான்கு பேர், ஐந்து பேர் என்று வந்தார்கள். ஆனால் ஜனவரியின் பூஜ்யங்கள் கணக்கில் அப்படியே இருந்தன. மார்ச் பாதியில் சராசரி மூன்றுக்குச் சற்றுக் கீழே நின்றது. நேரில் பார்த்து எண்ணிக்கொண்டு வர, ஊராட்சி அலுவலகம் நிஷிவாக்கி என்ற அதிகாரியை அனுப்பியது. அவர் அறிக்கையில்தான் எல்லாம் இருந்தது.

மெல்லிய ஆபீஸ் காலணியோடு, கையில் ஒரு அட்டையோடு, முதல் நாள் இடம் சொல்லிவைக்காமலே வந்து, துறைமுகத்திலேயே ஏறி உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். நிறுத்தத்துக்கு நிறுத்தம் கோடு போட்டுக்கொண்டே வந்தார். கடைசி நிறுத்தமான கோயில்முனைக்கு வரும்போது ஏழு பயணிகள், எட்டாவது அவர். காலியாக ஒரே ஒரு இருக்கை. பனியில் நின்றவர்கள் இரண்டு பேர்: தோமிகோ அம்மா, கருவாட்டுக்கடை ஓயாநாகி.

"நீங்க ஏறுங்கம்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார் ஓயாநாகி. பதினொரு மணிக்கு டோக்கியோ கண்காட்சியில் அவர் கடை திறந்தாக வேண்டும்.

"இல்லல்ல, நீங்க போங்க. எங்க அக்கா எங்க ஓடிடப் போறா" என்றார் தோமிகோ அம்மா. அக்கா கண் திறந்தே நான்கு நாள் ஆகியிருந்தது.

இருவரும் மாறி மாறிக் குனிந்தார்கள். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. உள்ளே இருந்தவர்களில் இருவர், நாங்கள் இறங்கிக்கொள்கிறோம் என்று பெட்டியைத் தேடத் தொடங்கினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் வண்டியே காலியாகிவிடும்.

யாசுகோ இறங்கிச் சுற்றி வந்து பக்கவாட்டுக் கதவை முழுக்கத் திறந்தாள்.

"நிஷிவாக்கி சான், எண்ணிட்டீங்களா?"

"இவங்க ரெண்டு பேரையும் சேத்தா ஒம்பதுங்க."

"அப்போ உங்க வேலை முடிஞ்சுது. இறங்குங்க."

அவர் வெளியே பனியைப் பார்த்தார், தன் காலணியைப் பார்த்தார். "நான் எப்படித் திரும்பிப் போறது?"

"எட்டேகாலுக்கு ஊர் பஸ் வரும். அதை நீங்க இன்னும் நிறுத்தலைன்னா."

நிஷிவாக்கி அட்டையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு இறங்கினார். ஓயாநாகி தோமிகோ அம்மாவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, தானும் ஏறினார். கதவு மூடியது.

அன்று ஒன்பது பேரும் விமானத்தைப் பிடித்தார்கள். ஏப்ரல் முதல் தேதியும் ஐந்து இருபதுக்கு வண்டி கிளம்பியது. சராசரியெல்லாம் இருக்கட்டும், அந்தத் தடத்துக்கு இன்னும் பெரிய வண்டி தேவை என்று நிஷிவாக்கி அறிக்கையில் எழுதியிருந்தார். கோயில்முனையில் இரண்டரை மணி நேரம் பனியில் நின்றுகொண்டு, நன்றாக யோசித்து எழுதியது.