என் டென்ட், அவர்கள் பயணம்

நான் துபாயில் வேலை பார்க்கிறேன். லீவில் ஊர் வந்ததும் தென்காசி நண்பர்கள் நால்வரோடு வேனில் கிளம்பி, குற்றாலத்தில் குளித்துவிட்டு, மறுநாள் தேரிக்காட்டுச் செம்மணலில் தங்குவதாகத் திட்டம். போகும் வழி, தண்ணீர் கிடைக்கும் இடம் எல்லாம் எழுதி அனுப்பினேன். ஊருக்குப் போன ஒருவரிடம் டென்ட்டையும் கொடுத்தனுப்பினேன். என் லீவு ஒரு வாரம் தள்ளிப்போனது.

"நீ இல்லாம போவமாலே?" என்றான் நால்வரில் ஒருவனான காதர், போனில்.

நான்காம் நாள் அவனே போன் செய்தான். "ஏலே, தேரி மணல்ல டென்ட் ஆணி நிக்க மாட்டேங்கு. என்ன செய்ய?"

பின்னால் மற்றவர்கள் சிரிப்பது கேட்டது. "பையில மணல ரொப்பி, கயித்தக் கட்டிப் புதைங்கலே" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனை வைத்தேன்.

இப்போது யாரிடமும் எதையும் கொடுத்தனுப்புவதில்லை. புது டென்ட் என் பெட்டியிலேயே வருகிறது. அதில் ஒருவர்தான் படுக்கலாம்.