பூட்டைக் கழற்றாத தேங்காய்க்காரி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நல்லம்மாள். சுங்கை பாக்காப் தோட்டத்திலிருந்து மாற்றுச் சேலையோடு வந்தவள், பினாங்கில் சொந்த லோரி, சொந்தக் கிடங்கு, கடைசியில் சொந்தமாக இணையதளமும் வைத்துக்கொண்டாள். தைப்பூச ரதத்தின் முன் உடைபடும் தேங்காயில் பாதி தன்னுடையது என்பாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். ஆனால் அவள் முகத்துக்கு நேரே மறுத்துப் பேச டத்தோ கிராமாட் சாலையில் ஆளில்லை.

ஆட்கள் போனிலேயே அவள் தளத்தில் பேர், முகவரி, வேண்டுதல் எல்லாம் எழுதிப் போடுவார்கள். அவர்கள் பேரில் ரோட்டில் தேங்காய் குவியும். போன வருடம் கூட்ட நெரிசலில் தளத்தின் பக்கம் திறக்காமல் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சில குடும்பங்களின் தேங்காய் இறங்குமுன் ரதம் கடந்துவிட்டது.

அந்தத் தெருத் தண்ணீர்ப்பந்தல் செயலாளர் ஹரிசங்கர் இதைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, போன்ல ஒங்க தளத்து பேருக்குப் பக்கத்துல ஒரு பூட்டுப் படம் இருக்கே, அதான் ஸ்லோ பண்ணுது. கழட்டிப் போடுங்கலா. இந்த வருஷமும் சுத்துச்சுன்னா நம்ம தெரு ஆர்டர் வேற ஆளுக்குத்தான்.”

“பூட்டு இல்லன்னா, கூட்டத்துல எவனாச்சும் ஓசி வைஃபை போட்டு உக்காந்து எல்லாத்தையும் படிப்பான். புள்ள வரம் கேட்டு ஒருத்தி எழுதுறத அவன் படிக்கணுமா? மொதல்ல ஒங்க வீட்டுக் கதவக் கழட்டி வைங்க தம்பி, அப்புறம் எம் பூட்டப் பத்திப் பேசலாம்.”

சொல்லிவிட்டாளே தவிர, தெரு கைவிட்டுப் போனால் என்ன ஆவது? பாயான் லெப்பாஸில் கணினி வேலை பார்க்கும் தங்கை மகள் காமினியைக் கூப்பிட்டாள்.

“பூட்டு மேல தப்பில்ல பெரியம்மா. பழைய முறையில போனும் நம்ம செர்வரும் மொதல்ல வணக்கம் சொல்லும், அப்புறம் சாவி மாத்தும், அதுக்கப்புறந்தான் பேச்சு. இப்ப வந்திருக்கிற புது முறையில வணக்கமும் சாவியும் ஒரே நடையில முடிஞ்சிரும். வைஃபைலேர்ந்து போன் லைனுக்கு மாறுனாலும் பேச்சு அறுந்து போகாது.”

“அதுக்கு மேலயும் வேகம் இருக்கா?”

“இருக்கு. முன்னமே வந்த ஆளு, வணக்கமே சொல்லாம ஆர்டர அனுப்பலாம். ஆனா நடுவுல எவனாச்சும் அதப் புடிச்சு மறுபடியும் நம்மளுக்கே அனுப்பிடலாம். படிக்க முடியாது, ஆனா ஒரு குவியல் ரெண்டாயிரும்.”

“அப்ப அந்த வேகம் தேங்கா படம் காட்டுறதோட நிக்கட்டும். ஆர்டர்கிட்ட வரக்கூடாது.” காமினி அப்படியே தளத்தைப் புது முறைக்கு மாற்றிக் கொடுத்தாள்.

தைப்பூசத்தன்று உறுமிச் சத்தம் நெருங்கும்போது ஹரிசங்கர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“அக்கா! என் வீட்டுக்காரி ராகினி வேண்டிக்கிட்ட தேங்கா, நான்தான் ஆர்டர் போட மறந்துட்டேன். வீட்டுல கொன்னுடுவா. வாயால சொல்றேன், எறக்கிடுங்க.”

“வாயால வாங்குறதில்ல. போன்ல போடுங்க.”

“ரதம் வந்துருச்சுக்கா!”

“நானும் பாக்குறேன்லா.”

பந்தல் வைஃபையில் எழுத ஆரம்பித்தார். கூட்டம் அவரை அப்படியே தள்ளிக்கொண்டு ரோட்டுக்குப் போனது. “வைஃபை போச்சு! போச்சு!” என்று அலறினார். நல்லம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ராகினி ஹரிசங்கர்!” லோரி மேலிருந்து ஆள் போனில் வந்த பேரைப் படித்துக் குரல் கொடுத்தான். மூட்டை சரிந்தது. தேங்காய்கள் ரதத்துக்கு முன்னால் உருண்டன.

ஹரிசங்கர் போனைப் பார்த்தார். வைஃபை போய் லைனுக்கு மாறியிருந்தது, ஆனாலும் வட்டம் இல்லை. பூட்டு அங்கேயே இருந்தது.

“அடுத்த வருஷமும் நம்ம தெருவுக்கு நீங்கதான்கா.”

“அத நான் யோசிச்சுச் சொல்றேன். மொதல்ல ஒடைங்க தம்பி, ரதம் ஒங்களுக்காக நிக்காது.”