சிரிக்கக் கூடாத நாடகம்

பாலக்காட்டுக்கு வந்து எட்டு மாதமாகியும், பகல் இரண்டரை மணிக்கு நாடகம் பார்க்கப் போவது எனக்கு விசித்திரமாகவே இருந்தது. பொள்ளாச்சிப் பக்கம் நமக்கு நாடகமென்றால் கோயில் நோம்பிச் சமயத்தில், ஊரடங்கிய பிறகு பாய் விரித்துப் பார்ப்பது. இங்கேயோ வெயில் கொளுத்தும்போது டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விட்டு, கதவைச் சாத்தி இருட்டாக்கிவிடுகிறார்கள்.

நான் போனது நாடகத்துக்காக அல்ல. ஊரிலிருந்து வரவழைத்த என் தங்கை சரசுவைப் பெண் பார்ப்பதற்காக, மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தால் தெருவே பேசுமென்று அவர்கள் சொன்ன ஏற்பாடு அது. மூன்று தலைமுறைக்கு முன் கோயமுத்தூரிலிருந்து வந்த குடும்பம். வாயைத் திறந்தால் பாதி மலையாளம். சரசுவுக்குச் சிறுவயது முதலே மூச்சிளைப்பு உண்டு. அடக்கமாட்டாமல் சிரித்தால் உடனே இழுக்கும். அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் அரிசி மில்லுக்குப் போய்விட்டால் எனக்குப் பேச ஆளில்லை. தங்கை இந்த ஊருக்கே வந்துவிட வேண்டுமென்ற ஆசையில் மறைத்துவிட்டேன்.

"சிரிச்சுப் போடாதே கண்ணு" என்று கிளம்பும்போதே கெஞ்சினேன்.

"சிரிப்பு நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போயி சிரிக்காதேங்கறயே, நல்லா இருக்குதுக்கா."

பல வருஷமாக மேடையேறிவரும் பழைய மலையாள நாடகம். வீடு மாறி வந்துவிட்ட ஒருவனை, அந்த வீட்டில் ஆளாளுக்கு மற்றவருடைய விருந்தாளி என்று நினைத்து உபசரிக்கிறார்கள். அவனுக்கு நான்காவது முறையாக இலை போட்டார்கள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இலையையே பார்த்தபோது கொட்டகை அதிர்ந்தது. நான் மேடையைப் பார்க்கவில்லை. சரசு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. அப்புறம் அந்தச் சத்தம் கேட்டது. எனக்குப் பழகிய, அவள் மூச்சின் விசில் சத்தம்.

கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து சுவரோரம் உட்காரவைத்தேன். முதுகை நீவிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையின் அம்மா வந்து நின்றார்.

"பெண்ணினு சுகமல்லே?"

பெண்ணுக்குச் சுகமில்லை என்கிறார், கண்டுபிடித்துவிட்டார் என்றே என் காதில் விழுந்தது. "ஆமாங்க, சின்ன வயசிலிருந்தே இளைப்பு இருக்குதுங்க. மறைச்சது என் தப்புங்க. அவ மேல ஒண்ணுமில்லீங்க."

அவர் திகைத்துப்போனார். "சுகந்தானேன்னு அல்லே நான் சோதிச்சேன்?" என்றார் மெதுவாக. கேட்டதைத்தான் அங்கே 'சோதிச்சேன்' என்பார்கள். அவர் கோபப்படவில்லை. தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தார், சரசுவின் தலையைத் தொட்டார், உள்ளே போனார்.

"உன்னோட சம்பந்தத்தை நானே கெடுத்துப்போட்டேன்" என்று அழுதேன்.

சரசுவுக்கு மூச்சு மெல்லச் சீரானது. "சொன்னதே நல்லதுக்கா. கட்டிக்கிட்டு நான் எத்தனை வருஷம் மூச்சைப் புடிச்சுட்டு இருக்கறது?" என்று எழுந்தாள். "வா, அவன் அந்தச் சோத்தைத் தின்னானான்னு பாக்கோணும்."

உள்ளே போனோம். பின்னால் அவர்களுடைய இரண்டு நாற்காலிகளும் காலியாக இருந்தன; மறுபக்க வாசல் வழியாகப் போயிருக்கிறார்கள். அந்த வீட்டிலிருந்து அதன்பின் தகவல் ஏதும் வரவில்லை. அடுத்த வருஷம் சரசுவை உடுமலையில், இளைப்பைச் சொல்லியே கட்டிக்கொடுத்தோம். நான் இங்கேயே தங்கிவிட்டேன்.

அன்று கடைசிக் காட்சியில் மேடையில் யாரோ ஏதோ சொல்ல, கொட்டகையோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டேன். சரசு என் முகத்தைப் பார்த்தாள். "என்னக்கா சொன்னான்?" எனக்கு அந்த மலையாளம் புரிந்திருந்தது. அதற்குத் தமிழ் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோதே கொட்டகையில் அடுத்த சிரிப்பு எழுந்தது. அதற்கு நாங்கள் இருவருமே சிரிக்கவில்லை.