குதிகாலுக்கு மணியடித்தவர்

ரயில் முழுதாக நிற்கும்வரை பொறுத்திருந்து இறங்குகிறவரை எங்கள் ஊரில் வெளியூர்க்காரர் என்றுதான் நினைப்போம். பெங்களூரிலிருந்து இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து வருவோம். எங்கள் ஸ்டேஷனான சாம்பியன் ரீப்ஸ் பிளாட்பாரம் கண்ணில் பட்டதும் அந்தக் கடைசி அரை நிமிடத்தை மட்டும் தாங்க மாட்டோம். ஷேர் ஆட்டோவில் முதல் ஆளாக ஏறி என்ன சாதிக்கப் போகிறோம் என்று யாரும் கேட்டதில்லை. பத்தொன்பது வருடம் நானும் குதித்தேன். இருபதாவது வருடம் ஒரு சாயங்காலம், கையில் நாலு கிலோ வெங்காயத்தோடு குதித்தபோது வலது குதிகால் எலும்பு உடைந்தது. வெங்காயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

தகடும் திருகும் வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார்கள். அதற்கப்புறம் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் போனேன். கன்னடத்துப் பெண். "ஸ்வல்ப நோவு இருக்கும் அக்கா" என்பாள். ஸ்வல்ப என்றால் கொஞ்சம். அவள் கொஞ்சம் என்றால் நமக்கு உயிர் போய் உயிர் வரும். படம் போட்ட தாள் ஒன்று கொடுத்தாள். துண்டைத் தரையில் விரித்துக் கால்விரலால் சுருட்ட வேண்டும், பாட்டிலை உள்ளங்காலால் உருட்ட வேண்டும், காலை நீட்டிக் கட்டைவிரலால் காற்றில் எழுத்து எழுத வேண்டும். கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். உடைந்த காலில் மட்டும் நின்று ஐந்து தடவை தூக்கிக் காட்டினால் ரயில் ஏறலாம், அதுவரைக்கும் பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

எனக்கோ ரயில் ஏறியே ஆக வேண்டும். நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளி ஐந்து மாதமாக என் இடத்தைக் காலியாக வைத்திருந்தார். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். அவர்மேல் தப்பில்லை. வீட்டில்தான் தப்பு. பெரிய மிஷின் பேக்டரியில் ஷிப்ட் பார்க்கும் என் வீட்டுக்காரர், "போதும்மே, வூட்லயே இரு" என்றார். அது அவர் சொந்த யோசனை இல்லை, மாமனார் சொல்லிக்கொடுத்தது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். காரணம் இருந்தது. இருபது வருடமாக நான் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் படியேறியதும் "வந்துட்டியா" என்று ஒரே ஒரு வார்த்தை. உடனே எழுந்து சாப்பிடப் போய்விடுவார். ஒரு மருமகளைப் பார்த்து லேட் என்று இதைவிட நறுக்கென்று சொல்ல முடியாது. நானும் பதில் சொல்லாமல் உள்ளே போய்விடுவேன்.

இப்படிப்பட்டவரோடு பகல் முழுக்கத் தனியாக இருக்கும்படி ஆயிற்று. எங்களுடையது தங்கச் சுரங்கக் கம்பெனி காலத்து லைன் வீடு. கூடத்தில் மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் மூச்சு விட வெளியே போக வேண்டும். கிழக்கே காலை நீட்டினால் சாமி படம். மேற்கே நீட்டினால் மாமா. மற்ற இரண்டு பக்கமும் பீரோவும் சுவரும். சாமியைப் பகைத்துக்கொள்ள பயமாக இருந்ததால் மாமா பக்கம் நீட்டினேன். ஏபிசிடி என் காலுக்கு ஓடவில்லை, தமிழிலேயே எழுதினேன். கணுக்காலுக்கு 'ழ' மாதிரி ஒரு மருந்து கிடையாது. இருந்த கோபத்தில் 'கிழம்' என்று நிறுத்தி நிதானமாக எழுதினேன். எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, "இன்னும் பெரிசா எழுதும்மா, கண்ணு சரியா தெரில" என்றார். அன்றைக்கு அதற்குமேல் நான் ஒன்றும் எழுதவில்லை.

மறுநாளிலிருந்து பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என்னையே கவனிக்க ஆரம்பித்தார். குதிகாலைத் தூக்கி இறக்கும்போது ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு என்று நான் எண்ணுவதைக் கண்டுபிடித்துவிட்டார். எழுந்து போய் ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் கொண்டுவந்தார். சுரங்கத்தில் அவர் வேலை, ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியின் வாயில் நின்று மணியடிப்பது. ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜ் அவர் மணி இல்லாமல் அசையாது. மூன்று அடித்தால் உள்ளே ஆள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை. அப்புறம் ஒன்று அடித்தால் மேலே, இரண்டு அடித்தால் கீழே. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்று அடித்தால் நிறுத்து. இந்தச் சட்டம் அத்தனையும் அன்று முதல் என் குதிகாலுக்கு வந்தது.

வினை அதோடு நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அதே ஷாஃப்ட்டில் வைண்டிங் டிரைவராக இருந்தவர், அதாவது கேஜை இழுக்கும் இஞ்சினை ஓட்டியவர். மணியைத் திருப்பி அடித்த பிறகுதான் டிரைவர் கேஜை நகர்த்த வேண்டும் என்பது அவர்கள் முறை. மாமா டம்ளரில் மூன்று அடித்ததும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டொக் டொக் டொக் என்று பதில் வந்தது. இரண்டு பேருக்கும் பிடிபடாத சந்தோஷம். எனக்குத்தான் பாடு. பக்கத்து வீட்டுக்காரர் குளிக்கப் போயிருந்தால் நான் குதிகாலைத் தூக்கக் கூடாது. அவருக்குத் தபால் வந்தாலும் காத்திருக்க வேண்டும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஏமாற்ற வழியே இல்லாததால் கால் தேறியது. இரண்டு காலில் சுலபமாக வந்தது. உடைந்த காலில் மட்டும் நின்று மூன்று தடவை வந்தது. நாலாவதுதான் வரவேயில்லை.

பிசியோ பெண் கடைசி வெள்ளிக்கிழமை பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். அந்தப் புதன்கிழமை கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்ட கையோடு மாமா மூன்று அடித்தார், ஒன்று அடித்தார். சுவரும் பதில் சொன்னது. இரண்டு குதிகாலையும் தூக்கிக்கொண்டு நின்றேன். இறங்கச் சொல்லும் இரண்டு மணி வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ஸ்பூனைப் பிடித்தபடியே மாமா தூங்கிக்கொண்டிருந்தார். புத்தியுள்ளவள் இறங்கியிருப்பாள். மணி இல்லாமல் இறங்கினால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாரே என்ற வீம்பில் நான் நின்றேன். தொடை நடுங்குகிறது, முதுகெல்லாம் வேர்வை. கடைசியில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "கேஜ தொங்கவுட்டுட்டு இன்னாபா பண்ற?"

மாமா துள்ளி எழுந்தார். டம்ளர் உருண்டோடியது. "இன்னா மா, எறங்கலியா?" என்றார்.

"மணி வரல மாமா" என்றேன், வேண்டுமென்றே.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப் போயிருந்தது. "ஆள் மேல இருக்கசொல்ல தூங்கிட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டம்ளரைச் சமையலறையில் கவிழ்த்து வைத்தார். சர்வீஸ் முழுக்க ஒரு நாள்கூட அப்படி நடந்ததில்லையாம். வியாழக்கிழமை காலை மணியடிக்க மாட்டேன் என்றுவிட்டார். விளையாட்டுக்குச் சொன்ன என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தனியாகச் செய்து பார்த்தேன். ஒன்று, இரண்டு, ஆறு என்றுதான் வந்தது.

மத்தியானம் டம்ளரையும் ஸ்பூனையும் நானே எடுத்துப் போய் அவர் மடியில் வைத்தேன். யாருக்கும் அடிபடவில்லை, இவ்வளவு நேரம் இந்தக் கால் என்றைக்கும் நின்றதே இல்லை, டாக்டர் வைத்த திருகைவிட உங்கள் தூக்கம்தான் வேலை செய்திருக்கிறது என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டார். எனக்கு முன்னால் சுவர் பதில் சொன்னது: "ரெண்டு நிமிசம்!"

மாமா ஸ்பூனைக் கையில் எடுத்துக்கொண்டார். சந்தடி சாக்கில் மனதில் கிடந்ததையும் கேட்டுவிட்டேன். நான் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தால் உங்களுக்குத் திருப்திதானே என்று. அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"நான் எப்பம்மா அப்டி சொன்னேன்? காலைல போன ஆளு சாயங்காலம் திரும்பணும், அவ்ளோதான். எண்ணிக்க சரியாவாம எனக்கு சோறு எறங்காது."

ஷாஃப்ட்டில் இறங்கிய அத்தனை பேரும் மேலே வரும்வரை அவருக்கு ஷிப்ட் முடியாது. இருபது வருடமாக வாசலில் உட்கார்ந்து அந்த ஒரு தலையை எண்ணியிருக்கிறார். நான் அதைத் திட்டு என்று நினைத்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் அவர் மூன்று அடித்துவிட்டார். அழுதுகொண்டே உடைந்த காலில் நின்று தூக்கினேன். நாலாவதும் வந்தது, ஐந்தாவதும் வந்தது. வெள்ளிக்கிழமை அந்தப் பெண் முன்னால் ஆறு செய்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். சாம்பியன் பிளாட்பாரம் தெரிந்தது, ரயில் மெதுவானது, ஆட்கள் குதிக்க ஆரம்பித்தார்கள். பட்டும் புத்தி வரவில்லை பாருங்கள், என் கால் தானாகப் படிக்கு இறங்கியது.

டங் என்று ஒன்று கேட்டது.

காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். பிளாட்பார பெஞ்சின்மேல் ஏறி மாமா டம்ளரும் ஸ்பூனுமாக நின்றுகொண்டிருந்தார். இறங்கு இல்லாவிட்டால் வழி விடு என்று பின்னால் இருந்தவர்கள் திட்டினார்கள். ரயில் நிற்கும்வரை கதவை அடைத்துக்கொண்டு நின்றேன். ரயில் நின்றதும் மாமா மூன்று அடித்தார். அப்புறம் இரண்டு. இறங்கினேன்.

"வந்துட்டியா" என்றார்.

"வந்துட்டேன் மாமா" என்றேன். இருபது வருடத்தில் அதற்கு நான் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.